அந்த உலகத்தில் கரும்பு வெட்டுவது யார்? அறிவியல் புனைகதை வாசிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டம் அறிவியல் புனைகதைகளைக் கையில் எடுத்ததிலிருந்து, புதிதாக வருகிறவர்கள் ஒரே மாதிரியான கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேநீர் ஆறும்வரை பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கருத்துகள் என்னுடையவை. வட்டத்தில் பாதிப்பேருக்கு இவற்றில் உடன்பாடு இல்லை.

அறிவியல் புனைகதை என்றால் ராக்கெட்டும் ரோபோவும்தானே? வயதானவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

எங்களில் மிகுந்த ஆர்வத்தோடு படிப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள்தான். பிறந்த குழந்தை எந்த இனம் என்று அரசு அலுவலர் ஒருவர் முடிவு செய்து பதிவேட்டில் எழுதிய நாடு இது. எந்தத் தெருவில் வீடு வாங்கலாம், எந்தக் கடற்கரையில் காலை நனைக்கலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. இதே நாட்டில், எல்லா இனத்தவரும் முதன்முறையாக வாக்களித்த 1994 தேர்தலில் வரிசையில் நின்றவர்களுக்கு, 'உலகம் வேறு மாதிரி இருந்தால்?' என்ற கேள்வி விளையாட்டல்ல.

இன்னொன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976இல்தான் தொடங்கியது. அதுவரை அரசு விடவில்லை. 1969இல் நிலவில் மனிதன் கால் வைத்ததை உலகமே பார்த்தபோது நாங்கள் வானொலியில் கேட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பிரிங்பாக் ரேடியோவில் எஸ்எஃப்68 என்ற அறிவியல் புனைகதை நாடகத் தொடர் வந்தது. படம் இல்லாமல் விண்வெளியைக் கற்பனை செய்துகொண்ட தலைமுறை இது. இவர்களுக்குப் புத்தகம் போதும்.

சமீபத்தில் படித்தவற்றில் உங்களை உலுக்கிய புத்தகம் எது?

ஆக்டேவியா பட்லர் எழுதிய 'பாரபிள் ஆஃப் த சோவர்'. 1993இல் வெளிவந்த நாவல், கதை தொடங்குவது 2024 ஜூலையில். லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே ஒரு சிற்றூர். மழை அரிதாகிவிட்டது, தண்ணீரின் விலை ஏறிக்கொண்டே போகிறது, காவல்துறையை அழைத்தால் கட்டணம் கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் தெருவைச் சுற்றி மதில் எழுப்பி உள்ளே வாழ்கின்றன. கதை சொல்லும் லாரன் என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயது. மதில் நிற்காது என்று பெரியவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிகிறது. சிறு கோடரி, இலேசான பாத்திரம், தண்ணீர், விதைகள் என்று ஒரு மூட்டையைக் கட்டித் தயாராக வைத்துக்கொள்கிறாள்.

இதை டர்பனில் உட்கார்ந்து படிப்பது வேறு அனுபவம். 2021 ஜூலைக் கலவரத்தை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடைகள் எரிந்தன, ரொட்டிக்கு வரிசை நின்றோம், இந்தியர்கள் மிகுதியாக வாழும் புறநகர்களான பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் தெருமுனையில் தடுப்பு வைத்து ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். எங்கள் கூட்டத்தில் முதலில் எல்லோரும் மதிலுக்குள்ளே இருந்தே பேசினார்கள்: பயம், தூக்கமின்மை, எங்களை யார் காப்பாற்றினார்கள் என்ற ஆற்றாமை. அப்போது ஓர் அக்கா, "பீனிக்ஸ் தடுப்புகளில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்களே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சத்தமாகவே சண்டை போட்டோம். பட்லரின் பலம் அதுதான். மதிலுக்குள்ளே இருப்பவர் மீது இரக்கம் வருகிறது, ஆனால் வெளியே இருப்பவரை அவர் அரக்கராக்கவில்லை. மதில் விழுந்தபின் லாரனே வெளியே நடப்பவர்களில் ஒருத்தியாகிவிடுகிறாள்.

எனக்கு இன்னும் உறைத்தது நடுவில் வரும் ஒரு சிறு பகுதி. கடலோர ஊர் ஒன்றை ஒரு நிறுவனம் வாங்கிவிடுகிறது. வேலை தருகிறோம், வீடு தருகிறோம், பாதுகாப்பு தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. கூலி குறைவு, செலவு அதிகம், எனவே கடன் தீராது. லாரனின் தகப்பனாருக்கு அது என்னவென்று உடனே விளங்கிவிடுகிறது. எங்களுக்கும்தான்.

எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் 'அங்கே வேலை செய்வது யார்' என்று கேட்கிறீர்களாமே, ஏன்?

ஏனென்றால் நாங்கள் இங்கே வந்த கதையே அதுதான். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களில் உழைக்க, டர்பன் இருக்கும் நேட்டால் காலனிக்கு வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் கூலியாகவே தொடராமல் இங்கேயே தங்க நினைப்பவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்க 1895இல் சட்டம் போட்டார்கள். அந்த வரியை ஒழிக்க காந்தி தலைமையில் 1913இல் நடந்த வேலைநிறுத்தம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்போது செவ்வாயில் குடியேறும் நாவல் ஒன்றைத் திறவுங்கள். பயணச் செலவை நிறுவனம் ஏற்கிறது, போய்ச் சேர்ந்தபின் உழைத்துக் கழிக்க வேண்டும், காற்றுக்கும் தண்ணீருக்கும் கட்டணம், திரும்பும் கப்பல் எப்போது என்று தெரியாது. எழுதியவர் இதை எதிர்காலம் என்று நினைக்கிறார். எங்கள் பூட்டனார் அந்தக் கப்பலில் ஏறி இறங்கிவிட்டார்.

ஆகவே என் அளவுகோல் எளியது. அந்த உலகத்தில் கரும்பு வெட்டுவது யார்? விண்கலத்தின் கழிப்பறையைக் கழுவுவது யார்? 'இயந்திரம் பார்த்துக்கொள்ளும்' என்றால், அந்த இயந்திரத்துக்கான உலோகத்தைத் தோண்டுவது யார்? இதற்குப் பதில் வைத்திருக்கும் ஆசிரியரை நம்பிப் படிப்பேன். பதில் இல்லாதவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எனக்கு அலுப்புத்தான். மனித இனத்தின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சூத்திரத்தில் அடக்கும் அசிமோவின் 'பவுண்டேஷன்' அப்படித்தான் கை நழுவியது. பேரரசுகள் விழுகின்றன, எழுகின்றன, ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை. இதைச் சொன்னால் வட்டத்தில் இரண்டு பொறியாளர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நாவல் ஏதாவது சொல்லுங்கள்.

'லெவியாத்தன் வேக்ஸ்', 2011. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதியது. பூமிக்கும் செவ்வாய்க்கும் கனிமங்கள் தேவை. அவற்றை வெட்டி எடுப்பவர்கள் விண்கற்பட்டையில் தலைமுறைகளாக வாழும் மக்கள். ஈர்ப்பு குறைவான இடத்தில் பிறந்து வளர்ந்ததால் உடல் நெடுநெடுவென்று மெலிந்து நீண்டுவிட்டது. பூமிக்கு வந்தால் அவர்களால் எழுந்து நிற்கவே முடியாது. அதாவது திரும்பிப் போக ஊர் இல்லை. பல நாட்டுக்காரர்கள் ஒன்றாக உழைத்ததில் பல மொழிகள் கலந்த ஒரு பேச்சு அவர்களுக்கு உருவாகியிருக்கிறது. பேசும்போது தலையை ஆட்டமாட்டார்கள், கையைத்தான் அசைப்பார்கள். விண்வெளி உடைக்குள் தலையாட்டினால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாதே! இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

எங்கள் வட்டத்து முதியவர் ஒருவர் இந்தப் பகுதியைப் படித்ததும் ஃபனகாலோவில் நாலு வாக்கியம் பேசிக் காட்டினார். ஜூலு, ஆங்கிலம், ஆப்பிரிகான்ஸ் கலந்து, சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை வாங்குவதற்குப் பயன்பட்ட பேச்சு அது. அதில் கட்டளையிடுவது எளிது, காதல் சொல்வது கடினம் என்றார் அவர்.

சுஜாதாவை இன்றும் படிக்கலாமா? காலாவதியாகிவிடவில்லையா?

'என் இனிய இயந்திரா'வைத்தான் எல்லோரும் மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். ஆனந்த விகடனில் எண்பதுகளில் தொடராக வந்தது. கதை நடக்கும் 2021ஐ நாம் தாண்டிவிட்டோம். அது வேறு மாதிரியான ஆண்டாக இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நாவலின் மையம் ஆருடம் அல்ல. ஜீவா என்ற ஒற்றை ஆட்சியாளன், குடிமக்கள் எல்லோருக்கும் எண், பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் கிடையாது, குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி. நிலாவுக்கு அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் கதை தொடங்குகிறது, அவள் கணவன் சிபி காணாமல் போகிறான்.

இதை நம் ஊரில் படிக்கும்போது கப்பல் பதிவேடுகள் நினைவுக்கு வரும். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஜில்லா எல்லாம் எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவாகின. எண் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. முன்னோரைத் தேடும் பிள்ளைகள் இன்றும் அந்த எண்ணைப் பிடித்துத்தான் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். சுஜாதா நேட்டாலை மனத்தில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அரசாங்கம் மனிதனை எண்ணாக்கும்போது என்ன நடக்கும் என்பது அவருக்குத் துல்லியமாகப் பிடிபட்டிருக்கிறது.

ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். அது புத்தகம் படிக்கிறது, குத்தலாகப் பேசுகிறது, மனிதர்களைவிட நன்றாகச் சிந்திக்கிறது. இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ'வில் நாய் முழுக்கவே கதாநாயகனாகிவிட்டது. எனக்கு முதல் பாகமே பிடிக்கும். குறையும் சொல்லியாக வேண்டும்: தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிந்தாக வேண்டும். மொத்தமாகப் படிக்கும்போது மூச்சு வாங்குகிறது. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று படியுங்கள்.

தமிழில் வேறு யார்?

ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைத் தொகுப்பு. மேற்கத்திய சாமான்களை இறக்குமதி செய்யாமல் நம் மரபு அறிவிலிருந்தே கேள்விகளை எடுக்க முயல்கிறது. எல்லாக் கதைகளும் கைகூடவில்லை என்பது என் எண்ணம், ஆனால் அந்த முயற்சி மதிப்புள்ளது. தமிழில் எழுதுபவர்கள் விஞ்ஞானத்தை விளக்கும் ஆசையில் கதாபாத்திரத்தின் வாயில் பாடப்புத்தகத்தைத் திணிப்பதைக் குறைத்தால் நன்றாக இருக்கும்.

புஷ்பக விமானம் அறிவியல் புனைகதைதானே?

இல்லை. அது காவியம், அதற்கு அந்தப் பெருமையே போதும். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய மாதத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இந்திய அறிவியல் புனைகதை எவ்வளவு பழையது என்று கேட்டால் நல்ல பதில் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்' 1905இல், நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான் வெளியானது. பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள். சூரிய வெப்பத்தில் சமையல், வானத்தில் பறக்கும் வண்டி. அலுவலக வேலையைப் பெண்கள் இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு ஏன் ஏழு மணி நேரம் ஆனது என்றால், அதில் ஆறு மணி நேரம் சுருட்டுப் பிடிப்பதிலேயே போய்விட்டதாம்! கணக்குப் போட்டே நிரூபிக்கிறார். சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம். என் அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது: சமையலறையில் புகை எங்கே போகிறது என்பது வரை யோசித்திருக்கிறார்.

நம் நாட்டு எழுத்தாளர்கள் யாரையாவது படித்தீர்களா?

லாரன் பியூக்ஸின் 'ஸூ சிட்டி', 2010. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. பெருங்குற்றம் செய்தவர்களோடு ஒரு விலங்கு ஒட்டிக்கொள்ளும், சாகும்வரை பிரியாது. கதாநாயகி ஸின்ஸியின் முதுகில் ஒரு தேவாங்கு போன்ற சோம்பல் பிராணி தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஜொஹானஸ்பர்க்கின் ஹில்ப்ரோ பகுதியில் இடிந்த அடுக்குமாடிகளில் வாழ்கிறாள். கடனை அடைக்க, ஏமாற்று மின்னஞ்சல்கள் எழுதித் தருகிறாள். விருதின் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் 'இது மந்திரக் கதையல்லவா' என்று முகம் சுளித்தார்கள். இருக்கட்டும். குற்றத்தை ஊரே பார்க்கும்படி சுமந்து திரிவது என்ற எண்ணம், இனவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையத்தின் அமர்வுகளை வானொலியில் கேட்டவர்களுக்கு விசித்திரமாகவே படாது. முடிவு மட்டும் அவசர அவசரமாக வருகிறது.

அவருடைய முந்தைய நாவலான 'மாக்ஸிலாண்ட்' (2008) கேப்டவுனில் நடக்கிறது. அங்கே ஒருவரைத் தண்டிக்க அவரது கைப்பேசியைத் துண்டித்தால் போதும். கதவு திறக்காது, எதையும் வாங்க முடியாது, மனிதர் இல்லாமலே போய்விடுகிறார். இன்று கைப்பேசியில்லாமல் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாமல் திண்டாடும் எந்தப் பாட்டியும் இதைக் கற்பனை என்று சொல்லமாட்டார்.

நாவலாசிரியர்களுக்கு இங்கே களத்துக்குக் குறைவில்லை. கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் கார்னர்வன் அருகே 64 வானொலி அலைத் தட்டுகளோடு மீர்காட் தொலைநோக்கி 2018 முதல் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கைப்பேசிச் சமிக்ஞை கூடாது. அண்டத்தின் மறுகோடியைக் கேட்க, பக்கத்துப் பண்ணைக்காரர் பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பண்ணைக்காரரை வைத்து ஒரு தமிழ்க் கதை யாராவது எழுதினால் நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

'டிஸ்ட்ரிக்ட் 9' பார்த்தால் போதாதா?

2009இல் வந்த அந்தப் படம், ஜொஹானஸ்பர்க்கில் வேற்றுக்கிரகவாசிகளை முகாமில் அடைத்து, பிறகு வெளியேற்றுவதைக் காட்டுகிறது. இனச் சட்டத்தால் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மக்களுக்கு நடந்ததை நினைவில் வைத்தே அந்தப் பெயர். அதே போல டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கப்பட்ட குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே படம் நைஜீரியர்களைக் கொள்ளைக்கூட்டமாகக் காட்டியது. அதில் எழுந்த எரிச்சலும் நெடி ஒகோராஃபோர் 'லகூன்' (2014) எழுதக் காரணம். அங்கே வேற்றுக்கிரகவாசிகள் லாகோஸ் கடலில் இறங்குகிறார்கள். பாகுபாட்டை எதிர்க்கும் கதைக்குள்ளேயே இன்னொரு பாகுபாடு ஒளிந்துகொள்ளலாம். படத்தைப் பாருங்கள், பிறகு அந்த நாவலையும் படியுங்கள்.

எல்லோரும் கொண்டாடும் சீன நாவல் எனக்குப் புரியவில்லை. விட்டுவிடலாமா?

லியு சிக்சினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. ஆங்கிலத்தில் 2014இல் வந்து அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் ஏற்றி, மகள் கண்ணெதிரே அடித்துக் கொல்லும் தொடக்கக் காட்சியை மட்டுமாவது படியுங்கள். அந்த மகள் ஏன் மனித இனத்தின் மீதே நம்பிக்கை இழக்கிறாள் என்பது அங்கேயே விளங்கிவிடும். நடுவில் வரும் கணினி விளையாட்டு அத்தியாயங்களில்தான் பலரும் கழன்றுகொள்கிறார்கள். நான் கழன்றுகொள்ளவில்லை, ஆனால் பாத்திரங்கள் மனிதர்களாக இல்லாமல் வாதங்களாக நடமாடுகிறார்கள் என்ற குறை எனக்கும் உண்டு.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அவர்களை எப்படிச் சேர்ப்பது?

ஆங்கிலத்தில் படிக்கட்டும். கூட்டத்தில் தமிழில் பேசுவோம், புரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார். ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021) பதின்ம வயதினருக்கு நன்றாக ஒட்டுகிறது. நினைவிழந்து விண்கலத்தில் கண்விழிக்கும் ஒரு பள்ளி ஆசிரியர், சூரியன் மங்குவதற்குத் தீர்வு தேடிப் போனவர். போன இடத்தில் வேற்றுக்கிரகப் பொறியாளர் ஒருவரைச் சந்திக்கிறார். அவர் பேச்சு இசை போல ஒலிக்கிறது. இருவரும் எண்களில் தொடங்கி ஒருவர் மொழியை ஒருவர் கற்கும் பகுதியை எடுத்து, ஒரு பேரனும் தாத்தாவும் எங்கள் கூட்டத்தில் நடித்துக் காட்டினார்கள். தாத்தா தமிழ், பேரன் ஆங்கிலம். இருவருக்கும் பொதுவாக இருந்தது மேஜையைத் தட்டுவது மட்டுமே. இலக்கியமாகப் பார்த்தால் நாவல் சாதாரணம்தான், நகைச்சுவை சில இடங்களில் அலுக்கிறது. ஆனால் நட்பு உண்மையாக இருக்கிறது.

புத்தகங்கள் விலை தாங்கவில்லையே?

இறக்குமதி விலையோடு 15 சதவீத வாட் வரியும் சேர்கிறது. புத்தகத்துக்கு இந்த நாட்டில் விலக்கு இல்லை. நகராட்சி நூலகத்தில் கேளுங்கள், பழைய புத்தகக் கடைகளில் அறிவியல் புனைகதை அடுக்கைத் துழாவுங்கள். தமிழ் நூல்களைச் சென்னைக்குப் போய் வருபவர் பெட்டியில்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வட்டத்தின் பிரதியை இரவல் வாங்குபவர்கள் தயவுசெய்து பக்க மூலையை மடிக்காதீர்கள், ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய பன்னி சாவ் சாப்பிட்ட கையோடு தொடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எந்தப் புத்தகம்?

உர்சுலா லெ குவின் எழுதிய 'த டிஸ்பொசெஸ்ட்', 1974. இரட்டைக் கிரகங்கள். ஒன்றில் செல்வமும் சுரண்டலும், மற்றதில் சொத்தோ அரசோ இல்லாமல் வறண்ட மண்ணில் வாழும் மக்கள். அங்கே இயற்பியலாளரும் முறை வந்தால் மரம் நடப் போக வேண்டும். என் கேள்விக்கு இவ்வளவு விரிவாகப் பதில் சொன்ன நாவலை நான் படித்ததில்லை. அந்தப் பதில் எனக்கு முழுக்கப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை, அதைக் கூட்டத்தில் பேசுவோம். அத்தியாயங்கள் ஒன்றுவிட்டு ஒன்று இரு கிரகங்களுக்கும் மாறி மாறிப் போகும், காலமும் முன்னும் பின்னுமாக இருக்கும். குழம்பினால் ஒரு கிரகத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டாம், அச்சிட்ட வரிசையிலேயே போங்கள். முதல் நான்கு அத்தியாயங்கள் போதும். படிக்காமல் வருபவர்களுக்கும் நாற்காலி உண்டு, தேநீர் போடும் முறை அவர்களுடையது.